வாசல் விளக்கில் விழுந்த கொம்பு வண்டு: என்ன இனம்? (இழை சாணவண்டு வரை போய்விட்டது)

நிலா_பாலிக்புலாவ்

வணக்கம். பினாங்கு பாலிக் புலாவில் அப்பாவுக்கு ஒரு சின்னத் தோப்பு. டுரியான், ரம்புத்தான், வேலியோரம் கொஞ்சம் தென்னை. நேற்று இரவு மழை விட்டதும் வாசல் விளக்கில் ஒரு பெரிய வண்டு வந்து மோதி மல்லாந்து விழுந்தது. கட்டை விரல் நீளம் தாராளமாக இருக்கும். கறுப்பும் பழுப்பும் கலந்த பளபளப்பு. தலையில் ஒரே கொம்பு, பின்பக்கம் வளைந்தது. வயிற்று நுனியில் செம்பட்டை முடி அடர்த்தியாக இருக்கிறது.

தம்பி இதை அட்லஸ் வண்டு என்கிறான், ஜப்பான்காரர்கள் நல்ல விலை கொடுப்பார்களாம். அப்பா ஒரே சொல்லில் "கொல்லு" என்கிறார். யார் சொல்வது சரி? வண்டு இப்போதைக்கு மைலோ டின்னில். மூடியில் ஓட்டை போட்டிருக்கிறேன்.

வண்டுப்பித்தன் (கோலாலம்பூர்)

அட்லஸ் இல்லை. அட்லஸ் என்பது கால்கோசோமா பேரினம். அதன் ஆணுக்கு மூன்று கொம்பு: தலையிலிருந்து ஒன்று, முதுகுக் கவசத்திலிருந்து முன்னோக்கி நீளும் இரண்டு. ஒற்றைக் கொம்போடு தென்னந்தோப்பு வீட்டு விளக்குக்கு வருவது அநேகமாக ஒரிக்டெஸ் ரைனோசெரஸ், நம் ஆட்கள் சொல்லும் காண்டாமிருக வண்டு. மலாயில் கும்பாங் பாடாக். 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்த காலத்திலிருந்தே காண்டாமிருகம் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்களிடம் இருப்பது பெண். நுனியில் செம்முடி அடர்த்தியாக இருப்பது பெண்ணுக்குத்தான். கொம்பை மட்டும் பார்த்துப் பால் சொல்லாதீர்கள், சின்ன ஆணுக்கும் கொம்பு குட்டையாகத்தான் இருக்கும்.

பகலில் தென்னையின் ஓலைகளைப் பாருங்கள். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டி எடுத்தது போல முக்கோண வெட்டு இருந்தால் இந்த வண்டு ஏற்கெனவே வேலையைக் காட்டியிருக்கிறது. விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். அந்தக் குருத்து பிறகு விரியும்போதுதான் வெட்டு நமக்குத் தெரியும்.

பழைய கிராணி (சுங்கைப் பட்டாணி)

நிலாம்மா, உன் அப்பா அனுபவஸ்தர். நான் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். பால் மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்த காலத்தில் இந்த வண்டோடு குடும்பமே நடத்தியிருக்கிறோம். இளங்கன்றின் குருத்தில் ஓட்டை தெரிந்தால், சக்கை வெளியே தள்ளியிருக்கும். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு வண்டைக் குத்தி இழுப்பார்கள். அதற்கென்றே பொம்பளையாட்களைப் போட்டிருந்தோம். பிடித்த வண்டை எண்ணி எழுதுவது என் வேலை. காசு வண்டுக் கணக்குக்கு என்பதால் நேற்றைய வண்டை இன்றைக்கும் காட்டுகிற கெட்டிக்காரர்கள் இருந்தார்கள்! தலையைக் கிள்ளிய பிறகுதான் கணக்கில் ஏற்றுவேன்.

தென்னைக்கு எங்கள் அம்மா மணலும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மட்டை இடுக்கில் போடுவார். அதுவும் வேலை செய்யும்.

சந்தேகசாமி

கொம்பு வண்டு, காண்டாமிருக வண்டு, சாணவண்டு, அட்லஸ்... எல்லாம் ஒரே குடும்பம் என்று எங்கேயோ படித்தேன். உண்மையா? ஒன்று செம்பனையைத் தின்கிறது, ஒன்று சாணியைத் தின்கிறது, எந்தக் கணக்கில் இவை சொந்தக்காரர்கள்?

வண்டுப்பித்தன் (கோலாலம்பூர்)

ஒரே குடும்பம்தான். ஸ்கராபெய்டே. உலகத்தில் 30,000 இனங்களுக்கு மேல் பெயரிட்டிருக்கிறார்கள். குடும்பத்தை 1802இல் வகுத்தவர் பிரெஞ்சுக்காரர் லாத்ரேய்.

அடையாளம் மீசை போன்ற உணர்கொம்பில் இருக்கிறது. நுனியில் சில தகடுகள், விசிறி மாதிரி விரிக்கலாம், மூடலாம். பறக்கும்போதும் மோப்பம் பிடிக்கும்போதும் விரிக்கும், மண்ணைத் தோண்டும்போது ஒன்றாக மூடிக்கொள்ளும். நிலா, மைலோ டின்னைத் திறந்து பார்த்தால் வண்டின் கண்ணுக்கு முன்னால் வாய்க்குப் பக்கத்தில் தெரியும். முன்னங்காலும் பல் பல்லாக இருக்கும், தோண்டுவதற்கு. புழுவும் ஒரே தினுசு: வெள்ளையாக, கொழுத்து, பிறையாக வளைந்து கிடக்கும். உரக்குழியைக் கிளறிய எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

உணவு வழியில்தான் பிரிந்துபோனார்கள். சாணவண்டுகள் ஸ்கராபெய்னே துணைக்குடும்பம். அட்லஸும் நம் காண்டாமிருக வண்டும் டைனஸ்டினே. பூவிலும் பழத்திலும் உட்காரும் பளபளப்புக்காரர்கள் செட்டோனினே. இலை தின்னும் மெலோலாந்தினே, ருட்டலினே இரண்டும் எண்ணிக்கையில் பெரிய கூட்டம், இரவில் விளக்குக்கு வரும் பழுப்பு வண்டுகளில் பாதி அவைதான்.

ஊரில் தீப்பெட்டியில் வைத்து வளர்ப்பார்களே பொன்வண்டு, அது இந்தக் குடும்பம் இல்லை, புப்ரெஸ்டிடே. இடுக்கித் தாடை நீண்ட கலைமான் வண்டு சற்றே தூரத்துச் சொந்தம், லூக்கானிடே. அதற்கு நீண்டிருப்பது தாடை, கொம்பு இல்லை. உணர்கொம்புத் தகடுகளையும் அதனால் சேர்த்து மூட முடியாது.

உலுகோம்பாக் அக்கா

பித்தன் சொன்னதோடு ஒரு வரி. சாணம் உண்பவை ஒரு பக்கம், செடி உண்பவை ஒரு பக்கம் என்ற பிரிவு 19ஆம் நூற்றாண்டிலேயே வயிற்றுப் பக்கத்தில் சுவாசத் துளைகள் இருக்கும் இடத்தை வைத்துப் போடப்பட்டது. மரபணு ஆய்வு வந்த பிறகும் செடி உண்ணும் கூட்டம் ஒன்றாகவே நிற்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் மெலோலாந்தினே என்ற மூட்டையை அவிழ்த்தால் உள்ளே பலதரப்பட்டவை. அந்த எல்லைகளை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பாடநூலில் பார்க்கிற குடும்ப மரத்தைக் கல்வெட்டு என்று நினைக்க வேண்டாம்.

நிலா_பாலிக்புலாவ்

ஓலையில் முக்கோண வெட்டு இருக்கிறது அண்ணா. ஒன்றல்ல, நாலைந்து மரத்தில். அப்பா சிரிக்கிறார். மருந்து அடிக்கலாமா?

வண்டுப்பித்தன் (கோலாலம்பூர்)

மருந்துக்கு முன்னால் முட்டை எங்கே போடுகிறது என்று தேடுங்கள். மரத்தைக் கெடுப்பது வளர்ந்த வண்டு. புழு மரத்தைத் தொடுவதே இல்லை. விழுந்து மக்கும் தென்னந்தண்டு, மரத்தூள் குவியல், சாணக்குப்பை, உரக்குழி, இவற்றுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். தோப்பில் சாய்ந்து மக்கிய மரம் இருந்தால் பிளந்து பாருங்கள். அதை அப்புறப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

செம்பனைத் தோட்டங்களில் இந்த வண்டு மறுபடி பெரிய தலைவலியானதற்குக் காரணமும் இதுதான். முன்பு கிழ மரங்களைச் சாய்த்து எரித்துவிட்டு மறுநடவு செய்வார்கள். புகைமூட்டப் பிரச்சினையால் 1990களில் எரிக்காத முறை வந்தது. தண்டுகளைச் சீவிக் குவித்து மக்க விடுகிறார்கள். மண்ணுக்கு நல்லது, காற்றுக்கு நல்லது, வண்டுக்கோ ஏக்கர் கணக்கில் பிரசவ ஆஸ்பத்திரி. பக்கத்திலேயே இளங்கன்று, சாப்பாடும் தயார். முக்குனா மாதிரி மூடுகொடியைச் சீக்கிரம் படரவிட்டுக் குவியலை மறைத்தால் வண்டு அதைக் கண்டுபிடிப்பது குறைகிறது.

பழைய கிராணி (சுங்கைப் பட்டாணி)

எரிக்கும் காலத்தில் வண்டு குறைவு என்பதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் புகையில் இருமியதும் நான்தான். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகசாமி

வாசனைப் பொறி விற்கிறார்களே. வாளியில் ஒரு பொட்டலம் தொங்கவிட்டால் வண்டு எல்லாம் வந்து விழும் என்று முகநூலில் விளம்பரம் பார்த்தேன். ஏமாற்றா?

வண்டுப்பித்தன் (கோலாலம்பூர்)

ஏமாற்று இல்லை. பொட்டலத்தில் இருப்பது எத்தில் 4-மெத்தில் ஆக்டனோயேட். ஆண் வண்டு விடும் வாசனை அதே பொருள்தான், ஆணும் பெண்ணும் இரண்டுமே வரும். பெரிய தோட்டத்துக்குச் சரி. நிலாவின் தோப்பு அளவுக்கு அதைத் தொங்கவிட்டால் அக்கம்பக்கத்து வண்டுகளையும் விருந்துக்கு அழைத்தது போலாகிவிடும். வந்ததெல்லாம் வாளியில்தான் விழும் என்று உத்தரவாதம் கிடையாது.

இந்த வண்டுக் கதையில் மலேசியாவுக்கு ஒரு தனி இடம் உண்டு, பலருக்குத் தெரியாது. 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு இந்த வண்டு சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பசிபிக் தீவுகளில் தென்னை போனால் வாழ்க்கையே போனது. மருந்து தேடிப் புறப்பட்ட ஜெர்மானிய ஆய்வாளர் ஆலோய்ஸ் ஹூகர், 1963இல் இங்கே மலேசியாவில் நோயுற்ற புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். 1967இல் அதைச் சமோவாவில் விட்டார்கள், வண்டு கணிசமாகக் குறைந்தது. வைரஸ் தாக்கிய வண்டு உடனே சாவதில்லை. பறந்து போய், முட்டையிடும் இடத்திலெல்லாம் கழிந்து, வைரஸைப் பரப்பிவிட்டுத்தான் சாகும். நாம் செலவழித்துத் தெளிக்க வேண்டிய மருந்தை வண்டே சுமந்து போகிறது.

பிறகு 2007இல் குவாமில் ஒரு வண்டுக்கூட்டம் தலைகாட்டியது. பார்க்க அதே வண்டு. வைரஸுக்கு மட்டும் மசியவில்லை. மரபணுவைப் படித்துத்தான் அதை வேறு வகை என்று பிரித்தார்கள். 2013இல் ஹவாயிலும் வண்டு நுழைந்துவிட்டது. ஒரே இனத்துக்குள் எந்த வகை என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குக் கிடைக்காது.

நிலா_பாலிக்புலாவ்

மக்கிய தண்டு ஒன்று கிடந்தது, பிளந்தோம். புழு, புழு, புழு. அப்பாவின் கோழிகளுக்குத் தீபாவளி.

உரக்குழியில் வேறொரு சின்ன வண்டும் கண்ணில் பட்டது. பட்டாணி அளவு, கறுப்பு, தலையில் துளியூண்டு இரண்டு கொம்பு. பக்கத்து வீட்டு ஆட்டுப் புழுக்கையின் கீழே மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதையும் கொல்ல வேண்டுமா?

உலுகோம்பாக் அக்கா

அதைத் தொடாதே நிலா! அது ஓந்தோஃபேகஸ் ஆக இருக்கும். சாணவண்டு. உன் தென்னைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்த இழையில் நான் எழுதவேண்டும் என்று நினைத்ததே இதைப் பற்றித்தான். கேமரன் மலைச் சாலையோரம் அட்லஸைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து விற்கிறார்கள், எல்லோரும் படம் எடுக்கிறார்கள். காண்டாமிருக வண்டுக்குத் தோட்ட நிர்வாகம் பட்ஜெட் போடுகிறது. காட்டின் கழிவை அள்ளி மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பட்டாணி அளவுக் கறுப்பனைக் கேட்க ஆளில்லை. ஓந்தோஃபேகஸ் ஒரே பேரினத்தில் 2,000 இனங்களுக்கு மேல். உயிரினங்களிலேயே மிகப் பெரிய பேரினங்களில் ஒன்று.

சாணவண்டு என்றதும் உருண்டை உருட்டுவது நினைவுக்கு வரும். 2013இல் பால்வீதியைப் பார்த்துத் திசை பிடிக்கிறது என்று செய்தி வந்ததே, அது தென்னாப்பிரிக்கத் திறந்தவெளியில் உருட்டும் ஸ்கராபெயஸ் சாடிரஸ். நம் காட்டில் உச்சிக் கிளைகள் வானத்தையே மறைத்துவிடுகின்றன. இங்கேயும் பாராஜிம்னோப்ளூரஸ், சிஸிஃபஸ் என்று உருட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் பெரும்பான்மை சுரங்கக்காரர்கள். சாணத்தின் அடியிலேயே நேராகக் குழி தோண்டி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மூன்றாவது வகை சாணத்துக்குள்ளேயே குடியிருக்கும்.

காலையில் காட்டுப்பாதையில் நடந்தால், இடுப்புயரச் செடியின் இலை நுனியில் சின்ன ஓந்தோஃபேகஸ்கள் உணர்கொம்பை விரித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். எங்கே குரங்கு எச்சமிடும் என்று காற்றில் காத்திருக்கின்றன. வாசனை வந்ததும் ஆள் இருக்காது.

அறிவியல் வாத்தியார் (செந்தூல்)

அக்கா, ஓந்தோஃபேகஸ் ஆண்களிலேயே கொம்புள்ளவை, கொம்பில்லாதவை என்று இரண்டு வகை பார்த்தேன். இரண்டும் வேறு இனமா?

உலுகோம்பாக் அக்கா

நல்ல கேள்வி சார். ஒரே இனம். புழுவாக இருந்தபோது கிடைத்த தீனி ஒரு எல்லையைத் தாண்டினால் பெரிய உடல், பெரிய கொம்பு. தாண்டாவிட்டால் சின்ன உடல், கொம்பு அடையாளத்துக்கு மட்டும். அமெரிக்க ஆய்வாளர் டக்ளஸ் எம்லன் பனாமாவில் இதைப் பார்த்தார். கொம்பன் சுரங்க வாசலில் காவல் நிற்பான். கொம்பில்லாதவன் பக்கவாட்டில் தனிச் சுரங்கம் தோண்டி, காவல்காரனுக்குத் தெரியாமல் பெண்ணிடம் போய்விடுவான். கொம்பு இலவசமும் இல்லை. அது வளரும் இடத்துக்குப் பக்கத்து உறுப்புகள் சிறுத்துப்போகின்றன. தலையின் பின்பகுதியில் கொம்பு வளர்த்தால் கண் சின்னதாகிறது.

அடையாளம் காண்பவருக்கு இது பெரிய தொல்லை. கொம்பை வைத்து இனம் பிரித்தால் ஒரே இனம் இரண்டாகிவிடும். பழைய பெயர்ப் பட்டியல்களில் இப்படி நடந்திருக்கிறது.

சந்தேகசாமி

தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு சாதாரணக் கேள்வி. சாணவண்டை எண்ணி என்ன ஆகப்போகிறது? அது பாட்டுக்குச் சாணியைப் புதைக்கிறது. அதை எண்ண ஆய்வு, உதவித்தொகை, முனைவர் பட்டம். காட்டை வெட்டுகிறவர்கள் இந்த அறிக்கையைப் படிக்கிறார்களா?

வண்டுப்பித்தன் (கோலாலம்பூர்)

படிக்கிறார்களோ இல்லையோ, வண்டு போனால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடு பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு 1788இல் வெள்ளையர்களோடு மாடு போனது. அங்கிருந்த சாணவண்டுகள் கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தைப் பெரும்பாலும் தொடவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் காய்ந்த வட்டுகள், அவற்றைச் சுற்றிப் புல் இல்லை, ஈ மட்டும் பெருகியது. ஹங்கேரியில் பிறந்த பூச்சி ஆய்வாளர் ஜார்ஜ் போர்னமிஸ்ஸா வெளியிலிருந்து வண்டு கொண்டுவரலாம் என்றார். 1960களின் பிற்பகுதி தொடங்கி 40க்கு மேற்பட்ட இனங்களை விட்டார்கள், 23 நிலைத்தன.

40இல் ஏன் 23தான்? அதற்கு விடை சொல்லத்தான் யார் என்ன தின்கிறார், எந்த மண்ணில், எந்த நேரத்தில் என்ற கணக்கு வேண்டும். சாணவண்டு என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் அந்தக் கணக்கே வராது.

உலுகோம்பாக் அக்கா

நம் நாட்டு உதாரணமே சொல்கிறேன் சந்தேகசாமி. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் எலினார் ஸ்லேட் குழு ஒரு சோதனை செய்து 2007இல் வெளியிட்டது. பகலில் வருபவை, இரவில் வருபவை, உருட்டுபவை, தோண்டுபவை, பெரியவை, சின்னவை என்று பிரித்து, சில கூட்டங்களை மட்டும் சாணத்துக்கு வரவிட்டுப் பார்த்தார்கள். இரவில் வரும் பெரிய சுரங்கக்காரர்கள் இல்லாதபோது சாணம் அகற்றும் வேலை பெரிதும் படுத்துவிட்டது. அதே சமயம் அவர்களால் மட்டும் முழு வேலையையும் முடிக்க முடியவில்லை.

சங்கடம் என்னவென்றால், காடு துண்டானால் முதலில் போகிறவர்களில் இந்தப் பெரியவர்கள் உண்டு. திரங்கானுவின் கென்யிர் ஏரியில் 1980களில் அணை கட்டி நீர் தேங்கியபோது மலை உச்சிகள் தீவுகளாயின. அந்தத் தீவுகளின் சாணவண்டுகளைக் கணக்கெடுத்த ஆய்வு 2011இல் வந்தது. தீவு சிறுத்தால் இனமும் சிறுத்தது. காட்டுக்கும் செம்பனைக்கும் இடையே இதே சரிவை சபாவில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். நிழல் போனால் மண் சூடேறிக் காய்கிறது, விலங்கு போனால் சாணம் இல்லை. ஆற்றோரம் காட்டுப்பட்டை விட்டுவைத்த தோட்டங்களில் நிலைமை கொஞ்சம் தேவலை.

வண்டு புதைக்கும் சாணத்தில் பழ விதைகளும் இருக்கும். மேலே கிடந்தால் எலி தின்னும். ரொம்ப ஆழத்தில் போனால் முளைக்காது. சின்ன வண்டு ஆழமில்லாமல் புதைக்கிறது, பெரிய வண்டு பெரிய விதையையும் நகர்த்துகிறது. யார் போனார்கள் என்பதைப் பொறுத்து எந்த மரம் முளைக்கும் என்பதும் மாறும்.

சந்தேகசாமி

சரி, பெரியவர்கள் போனால் சின்னவர்கள் கூட்டமாக வந்து அந்த வேலையைச் செய்துவிட மாட்டார்களா? வண்டுக்கு எடை போட்டு ஈடு கட்டலாமே.

உலுகோம்பாக் அக்கா

சில இடத்தில் ஓரளவு நடக்கிறது. எடை ஈடாகலாம், ஆழம் ஈடாகாது. பட்டாணி அளவு வண்டு எத்தனை சேர்ந்தாலும் பெரிய சுரங்கக்காரரான காத்தார்சியஸ் மொலோசஸ் ஒருவர் தோண்டும் குழி வராது.

அறிவியல் வாத்தியார் (செந்தூல்)

என் மாணவர்களைக் கொண்டு ஒரு செயல்திட்டம் செய்ய ஆசை. பொறி எப்படி வைப்பது? பிள்ளைகளை வைத்துச் செய்யக்கூடியதா?

வண்டுப்பித்தன் (கோலாலம்பூர்)

ஆய்வாளர்கள் வைக்கும் பொறியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுக்கு வேறு ஒன்று. பிளாஸ்டிக் குவளையை விளிம்பு மண்மட்டத்துக்கு இருக்கும்படி புதைப்போம். உள்ளே சோப்புத் தண்ணீர், மேலே குச்சியில் தொங்கும் துணிப் பொட்டலத்தில் இரை, மழைக்குத் தட்டையாக ஒரு தட்டு அல்லது அகல இலை. பொறிக்கும் பொறிக்கும் இடையே 50 மீட்டராவது வேண்டும், 100 இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரே வண்டுக்கூட்டத்தை இரண்டு பொறி பங்குபோட்டுக்கொள்ளும்.

இரைதான் வேடிக்கை. மாட்டுச் சாணம் நம் மழைக்காட்டில் அவ்வளவாக எடுபடாது. எல்லாம் தின்னும் பிராணியின் கழிவுக்குத்தான் கூட்டம் கூடும். அதாவது மனிதக் கழிவு. காட்டுக்குப் போகும் குழுவில் அன்றைய "இரை வழங்குநர்" யார் என்று முதல் நாளே முறை போட்டுவிடுவோம். காரசாரமாகச் சாப்பிட்டு வந்தவருக்கு அன்று தனி மரியாதை.

பிள்ளைகளுக்கு இது வேண்டாம். பள்ளிக்குப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் புதுச் சாணம் வாங்கி, ஒரே எடையில் உருண்டைகள் பிடித்து வையுங்கள். பாதியைத் திறந்து விடுங்கள். மீதியைச் சுற்றி மண்ணுக்குள்ளும் இறங்குகிற மாதிரி கொசுவலை கட்டுங்கள். மறுநாள் எல்லாவற்றையும் நிறுங்கள். வலைக்குள் இருந்ததும் எடை குறைந்திருக்கும், அது வெயிலில் போன ஈரம். திறந்திருந்ததில் அதற்கு மேல் குறைந்ததுதான் வண்டு எடுத்தது. வலை கட்டாமல் நிறுத்தால் வெயிலின் வேலையையும் வண்டின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். கையுறை கட்டாயம். வனக் காப்பிடத்துக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், பள்ளித் தோட்டம் என்றால் பிரச்சினை இல்லை.

மட்டுறுத்தர்

பினாங்கு மலையில் அட்லஸ் பார்த்த இடத்தை ஒருவர் வரைபடத்தோடு போட்டிருந்தார். அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். பிடித்து விற்பவர்களும் இந்தத் தளத்தைப் படிக்கிறார்கள். "பினாங்கு மலை" என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளவும்.

நிலா_பாலிக்புலாவ்

பினாங்கு மலை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்றே. அங்கே பெரிய சாணவண்டுகள் இருக்குமா அக்கா? தீவில் யானை இல்லை, கடமா இல்லை.

உலுகோம்பாக் அக்கா

யானை இல்லாத இடத்தில் யானையை நம்பி வாழும் வண்டைத் தேட முடியாது. தாய்லாந்திலும் இந்தியாவிலும் ஹீலியோகோப்ரிஸ் டாமினஸ் யானைச் சாணத்தில்தான் குஞ்சுக்கு உருண்டை பிடிக்கிறது. தீவில் மீதமிருக்கும் சாப்பாட்டைப் பார்: காட்டுப்பன்றி, நீண்டவால் குரங்கு, கண்ணாடி மந்தி, புனுகுப்பூனை. பன்றியும் குரங்கும் எல்லாம் தின்பவை, வண்டுக்குப் பிடித்த சாணம். அடிவாரத்தில் ஒரு பட்டியலும் உச்சியில் இன்னொன்றும் வரும், உயரம் ஏற ஏறக் குளிருக்கு ஆள் மாறும்.

பெயர் வைப்பதுதான் அங்கேயும் முட்டுக்கட்டை. பொறியில் விழுந்த கறுப்பர்களை ஊசியில் குத்தி வரிசையாக வைத்தால் வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். நுண்ணோக்கியில் முதுகுப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஆணின் புணர்ச்சி உறுப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும், பூட்டுக்குச் சாவி மாதிரி இனத்துக்கு இனம் வேறுபடும். அப்புறம் அதை மூலமாதிரியோடு, அதாவது அந்த இனத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த வண்டோடு, ஒப்பிட வேண்டும். மலாயாவில் பிடித்த எத்தனையோ வண்டுகளின் மூலமாதிரி லண்டனிலும் பாரிஸிலும் அருங்காட்சியக இழுப்பறையில் இருக்கிறது. இங்கே ஒரு மாணவி "ஓந்தோஃபேகஸ் இனம் 7" என்று எழுதுவாள், இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒருவன் "இனம் 3" என்று எழுதுவான். இரண்டும் ஒரே வண்டா? மாதிரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் சொல்ல முடியாது. ஆய்வறிக்கை முடிந்ததும் மாதிரியைத் தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். மரபணுப் பட்டை (இனத்தை அடையாளம் காட்டும் சின்ன மரபணுத் துண்டு) எடுத்தால் தீருமே என்பார்கள். பட்டை இரண்டும் ஒன்று என்று சொல்லும், அந்த ஒன்றுக்குப் பெயர் என்ன என்று சொல்ல மறுபடி இழுப்பறைக்குத்தான் போக வேண்டும்.

கூலிம் மாட்டுக்காரன்

நான் சும்மா படிச்சிட்டுப் போறவன். எங்கிட்ட மாடு இருக்கு. அப்பா காலத்துல சாணி போட்ட ரெண்டு நாள்ல வண்டு வந்து சல்லடையாக்கிரும். இப்பெல்லாம் காஞ்சு வறட்டியா அப்படியே கெடக்குது, ஈ மொய்க்குது. செம்பனைக்குள்ளதான் மேய்க்கிறேன். காடு இல்லாததாலயா?

வண்டுப்பித்தன் (கோலாலம்பூர்)

அண்ணே, காடு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மாட்டுச் சாணத்துக்கு வரும் வண்டுகளில் வெட்டவெளியைத் தாங்குபவை உண்டு, அவை செம்பனைக்குள்ளும் வரும். ஒரு கேள்வி: பூச்சி மருந்து என்ன கொடுக்கிறீர்கள்? ஐவர்மெக்டின் ஊசியா?

கூலிம் மாட்டுக்காரன்

ஆமா தம்பி. ஊசிதான். எல்லா மாட்டுக்கும் ஒரே நாள்ல போட்ருவோம்.

வண்டுப்பித்தன் (கோலாலம்பூர்)

அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அந்த மருந்தில் பெரும்பகுதி மாட்டின் உடம்பில் தங்காமல் சாணத்தோடு வெளியே வருகிறது. குடல் புழுவைக் கொல்லும் மருந்து, வண்டின் புழுவையும் ஈயின் புழுவையும் சும்மா விடாது. சாணத்துக்குள் முட்டையிட்டுவிட்டு வளர்ந்த வண்டு தப்பித்துப் போய்விடும், குஞ்சு வளராது. 1987இலேயே இங்கிலாந்தில் இதைக் காட்டியிருக்கிறார்கள்: மருந்து கொடுத்த கன்றுகளின் சாணம் மக்காமல் அப்படியே கிடந்தது.

மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் போடாமல், சாணத்தைப் பரிசோதித்துப் புழு இருக்கிற மாட்டுக்கு மட்டும் போட முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். மருந்து போடாத மாட்டின் சாணம் எப்போதும் கொஞ்சம் கிடந்தால் வண்டுக்கு ஒரு புகலிடம் இருக்கும்.

கூலிம் மாட்டுக்காரன்

ஊசி போட்ட மாட்டை எத்தன நாள் தனியா கட்டணும்?

உலுகோம்பாக் அக்கா

அண்ணே, முதல் சில நாளில் சாணத்தில் மருந்து உச்சத்தில் இருக்கும், அப்புறம் குறைந்தாலும் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அவ்வளவு நாள் கட்டிப்போட உங்களுக்குக் கட்டாது. உச்ச நாட்களில் மட்டும் கொட்டகையில் கட்டி, அந்தச் சாணத்தைத் தனியாகக் குவியுங்கள். குவியலைத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நிலா வீட்டுக் காண்டாமிருக வண்டு அதில் முட்டை போட வந்துவிடும்.

நீங்கள் சல்லடை என்று சொன்ன வண்டு இப்போது ஒன்றிரண்டாவது கண்ணில் பட்டால், சாராயம் ஊற்றிய சின்னப் போத்தலில் போட்டு, எந்தத் தேதி, எந்த இடம், யார் பிடித்தது, எந்த மாட்டின் சாணம் என்று பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளேயே போட்டு வையுங்கள். பேனா வேண்டாம், சாராயத்தில் மை கரைந்துவிடும். கூலிம் பக்கம் வரும்போது நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கூலிம் மாட்டுக்காரன்

வாங்க. போத்தல் எத்தன வேணும்?